ஃபோர்டு திரும்ப வருதாம்: பழைய ஓனர்கள் என்ன சொல்றீங்க? செகண்ட் ஹேண்ட் எக்கோஸ்போர்ட் வாங்கலாமா?

#1 பாலாற்றங்கரை (செங்கல்பட்டு)

எல்லாருக்கும் வணக்கம். மாமா பையன் ஒருத்தர் வெளிநாடு போறார். அவரோட 2019 எக்கோஸ்போர்ட் டீசல், டைட்டானியம் வேரியன்ட், சிங்கிள் ஓனர், எழுபதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடினது, எனக்குத் தர்றேன்னு சொல்றார். விலையும் கட்டுபடியாகுது.

வீட்ல அப்பா ஒத்துக்கலை. "கடையைச் சாத்திட்டுப் போனவன் காரை எவனாவது வாங்குவானா?"ங்கறார். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவரோ, "ஃபோர்டோட மறைமலை நகர் ஆலையில திரும்ப 3,250 கோடி போடறாங்க, கவலையே படாதீங்க, வாங்கிப் போடுங்க"ங்கறார். ரெண்டு பேரும் அடிச்சுச் சொல்றாங்க, ஆனா ரெண்டு பேர்கிட்டயும் ஃபோர்டு இல்லை.

ஓட்டினவங்க, ஓட்டிக்கிட்டிருக்கறவங்க சொல்லுங்க. திட்டறதுன்னாலும் திட்டலாம்.

#2 ஜோஷ்_1.6 (திருச்சி)

ஓட்டிப் பார்த்தீங்களா? சாவியை வாங்கி திண்டிவனம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க. அப்புறம் இந்த இழையையே அழிச்சிருவீங்க.

நான் 2001 ஐகான் 1.6 பெட்ரோல் வெச்சிருக்கேன். இன்னும் ஓடுது. 1999 நவம்பர்ல ஐகான் வந்தப்போ "ஜோஷ் மெஷின்"னு விளம்பரம் பண்ணினாங்க, ஞாபகம் இருக்கா? அந்த ரோகாம் எஞ்சின் 90 குதிரைத்திறனுக்கு மேல தரும். அந்த விலையில அந்த இழுவை அப்போ வேற எதுலயும் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பினா ரோடு கைக்குத் தெரியும். இப்ப வர்ற காருங்களோட ஸ்டியரிங் வீடியோ கேம் மாதிரி இருக்கு.

மைலேஜ் கேட்காதீங்க.

#3 கணக்கப்பிள்ளை (சென்னை)

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடலாம், ஏன்னா தலைப்பே ஆளைத் திசை திருப்புது. ஃபோர்டு "திரும்ப வருது"ன்னு சொல்றது பாதிதான் உண்மை.

2021 செப்டம்பர் 9-ஆம் தேதி, இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு கம்பெனியே சொன்னது. குஜராத் சனந்த் ஆலையை டாட்டாவோட மின்வாகனக் கம்பெனி 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி, 2023 ஜனவரியில கைக்கு எடுத்துக்கிட்டது. மறைமலை நகர் ஆலையில 2022 ஜூலையில கடைசி கார் இறங்கினது. அதுவும் ஒரு எக்கோஸ்போர்ட்தான்.

அதுக்கப்புறம் ஆலையை விக்கப் பேச்சுவார்த்தை நடந்தது, முடியலை. 2024 செப்டம்பர்ல முதலமைச்சர் அமெரிக்கா போனப்போ ஃபோர்டு அதிகாரிகளைச் சந்திச்சார். அதே மாசம், ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பத் திறக்க விருப்பம்னு கம்பெனி கடிதம் குடுத்தது. 2025 அக்டோபர் கடைசியில ஒப்பந்தம் ஆச்சு. நீங்க சொல்ற 3,250 கோடி அதுதான்.

அந்தப் பணத்துல செய்யப் போறது எஞ்சின். கார் இல்லை. வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின், 2029-ல ஆரம்பம், ஏற்றுமதிக்கு. ஷோரூம் திறக்கறோம், புது எக்கோஸ்போர்ட் விக்கறோம்னு யாரும் சொல்லலை. அதனால "திரும்ப வர்றாங்க, ரீசேல் ஏறும்"னு கணக்குப் போட்டு வாங்காதீங்க. இன்னைக்கு இருக்கற விலைக்கு இன்னைக்கு இருக்கற கார் பெறுமா, அவ்வளவுதான் கேள்வி.

#4 ஜோஷ்_1.6

அண்ணே, கேட்டது கார் பத்தி. நீங்க பேலன்ஸ் ஷீட் வாசிக்கறீங்க.

#5 கணக்கப்பிள்ளை

கம்பெனி போனதே பேலன்ஸ் ஷீட்னாலதான், தம்பி.

#6 எஸ்கார்ட்_காலம் (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஃபோர்டு நம்மை விட்டுப் போனது 2021-இல் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது இரண்டாவது முறை. முதல் முறை போனது 1954-இல்.

1926-இல் ஃபோர்டின் கனடா நிறுவனம் இந்தியாவில் ஒரு துணை நிறுவனத்தைப் பதிவு செய்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் பலவும் அந்தக் கனடா கிளையின் கைக்குள்தான் இருந்தன. டி மாடல் அப்போது அதன் கடைசிக் காலத்தில் இருந்தது. 1908-இல் 850 டாலருக்கு வந்த கார், 1925 வாக்கில் 260 டாலருக்கு இறங்கியிருந்தது. 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் கோர்வை வரிசையை (அசெம்பிளி லைன்) ஓடவிட்ட பின், பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த ஒரு சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், 93 நிமிடத்தில் முடிந்தது. 1927-இல் நிறுத்தும்போது ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து முடித்திருந்தார்கள். விலை குறைந்ததற்கு அந்த வரிசைதான் காரணம், மனிதாபிமானம் அல்ல. 1914-இல் தினக்கூலியை ஐந்து டாலராக உயர்த்தியதைப் பெரிதாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் நின்று வேலை செய்ய முடியாமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே அவர்கள் செய்தது பாகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து பூட்டுவது மட்டும். சுதந்திரத்திற்குப் பிறகு அரசு ஒரு நிபந்தனை வைத்தது: இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை. 1953-இல் சுங்கவரி ஆணையம் (டாரிஃப் கமிஷன்) அப்படிப் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டினார்கள். சந்தை சிறியது, இதற்காக ஆலை போட முடியாது என்பது அவர்கள் கணக்கு. 2021-இல் சொன்னதும் ஏறத்தாழ அதே கணக்கு.

இடையில் ஃபோர்டு பெயர் நம் வயல்களில் இருந்தது. 1970-களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து வந்த ஃபோர்டு டிராக்டரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. காரை விட அதுதான் நீண்ட காலம் உழைத்தது என்பேன்.

இன்னொரு செய்தி, விவாதத்திற்குத் தேவையில்லாதது. 1941-இல் ஹென்றி ஃபோர்டு காந்திக்குக் கடிதம் எழுதினார். காந்தி பதிலுக்குத் தன் கையெழுத்திட்ட ராட்டை ஒன்றை அனுப்பி வைத்தார். பெருந்திரள் உற்பத்தியைக் காலமெல்லாம் எதிர்த்தவர், அதன் தந்தைக்கு அனுப்பிய பரிசு அது.

என் கையில் இருந்தது 1997 எஸ்கார்ட். மகிந்திராவுடன் பாதிக்குப் பாதி கூட்டாக 1995-இல் வந்து, நாசிக்கில் செய்தார்கள். கதவைச் சாத்தினால் வரும் சத்தத்திற்காகவே பக்கத்து வீட்டுக்காரர் வந்து சாத்திப் பார்ப்பார்.

#7 நெல்லை_டீசல்

ஐயா, கதவு சத்தம்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் ஃபோர்டுக்காரங்க எல்லாரும் விழுந்தது.

நான் விழலை. எங்க வீட்ல வேற கம்பெனி காருதான். நான் எதிர்க்கட்சி, சொல்லிட்டேன்.

ஃபோர்டு பத்தி யாரு பேசினாலும் "ஓட்ட நல்லாருக்கும்"னு ஆரம்பிச்சு அதுலயே முடிப்பாங்க. கார்ங்கறது ஓட்டறதுக்கு மட்டுமா? அம்மா பின்னாடி உக்காரணும், அவங்களுக்குக் கால் நீட்ட இடம் வேணும். சங்கரன்கோவில்ல நின்னு போனா அங்கேயே ஒருத்தன் சரி பண்ணணும். விக்கணும்னா சாயங்காலத்துக்குள்ள விக்கணும். நம்ம ஊர்க்காரன் கார் வாங்கறப்ப கேக்கற மூணு கேள்வி இது. இந்த மூணுக்கும் ஃபோர்டு கடைசி வரைக்கும் ஒழுங்கா பதில் சொன்னதில்லை.

பாதுகாப்பு, அமெரிக்கத் தகடு, கனமான காருன்னு ஒரு பேச்சு ஓடும். 2014 ஜனவரியில, காரை மோத விட்டுச் சோதிக்கற குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஃபோர்டு ஃபிகோவை மோதிப் பார்த்து என்ன ஸ்டார் குடுத்தாங்க? பூஜ்யம். தகடு கனமா இருந்தா போதும்னா அங்க ஏன் பூஜ்யம்?

2013-ல ஃபிகோவும் கிளாசிக்கும் சேர்த்து 1,66,021 காரைத் திரும்ப அழைச்சாங்க. பின் அச்சும் பவர் ஸ்டியரிங் ஹோஸும். அதையும் யாரும் பேச மாட்டீங்க.

#8 தேவி_ஆஸ்பயர் (திருப்பூர்)

நெல்லை அண்ணாச்சி, அந்த மோதல்ல ஃபிகோ மட்டுமா பூஜ்யம்? அன்னைக்கு ஏர்பேக் இல்லாம மோதிப் பார்த்த அஞ்சு காருமே பூஜ்யம்தான். எந்தெந்தக் கம்பெனின்னு நீங்களே தேடிப் பாருங்க, உங்க வீட்டு காரும் அதுல இருக்கலாம். 2015-ல புது ஃபிகோவும் ஆஸ்பயரும் வந்தப்போ மேல் வேரியன்ட்ல ஆறு ஏர்பேக் குடுத்தாங்க. அந்த விலையில அப்போ வேற யாரும் குடுக்கலை. பூஜ்யத்தைச் சொன்னா ஆறையும் சொல்லணும்ல?

திரும்ப அழைக்கறது கெட்ட பேருன்னும் நான் நினைக்கலை. தப்பைக் கண்டுபிடிச்சு கூப்பிட்டு மாத்தித் தர்றவங்களை விட, வாயை மூடிக்கிட்டு இருக்கறவங்களைப் பார்த்துத்தான் பயப்படணும்.

எங்கிட்ட இருக்கறது 2016 ஆஸ்பயர் டீசல். நான்தான் ஓட்டறேன், வீட்டுக்காரர் பக்கத்துல தூங்குவார். திருப்பூர்ல இருந்து சேலம் வரைக்கும் பைபாஸ்ல லாரி உரசற மாதிரி போனாலும் கார் அசையாது. அது பெரிய நிம்மதி. அண்ணாச்சி சொன்ன பின் சீட் விஷயத்தை ஒத்துக்கறேன். மூணு பெரியவங்க உக்கார்ந்தா நடுவுல இருக்கறவங்க பாவம்.

சர்வீஸ் கதையும் சொல்லிடறேன். கம்பெனி போன அறிவிப்பு வந்ததும் பயந்து போய், வெளியில ஒரு தெரிஞ்ச ஒர்க்ஷாப்ல விட்டோம். விலை கம்மின்னு ஏதோ போலி ஆயில் ஃபில்டரைப் போட்டு வெச்சிருந்தாங்க. அடுத்த சர்வீஸ்ல வேற மெக்கானிக் கழட்டிக் காட்டினப்பதான் தெரிஞ்சது. அதுல இருந்து ஃபில்டர், ஆயில் எல்லாம் நானே ஒரிஜினல் வாங்கிக் குடுத்து, நின்னு பார்த்து மாத்த வெக்கறேன். இது எந்தக் கம்பெனி காருக்கும் பொருந்தும்.

#9 நெல்லை_டீசல்

சரி தங்கச்சி, ஆறை ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த ஆறு ஏர்பேக் காரு எத்தனை வித்துச்சு? மேல் வேரியன்ட் எத்தனை பேர் வாங்கினாங்க?

#10 கணக்கப்பிள்ளை

நெல்லை கேட்டது சரியான கேள்வி. ஃபோர்டு கதை மொத்தமும் அதுலதான் இருக்கு.

ஃபோர்டு எப்பல்லாம் இந்தியாவுக்குன்னு யோசிச்சு காரை வடிவமைச்சதோ, அப்பல்லாம் வித்தது. ஐகான் அப்படி. ஐரோப்பாவோட ஃபியஸ்டாவை எடுத்து, நமக்காகப் பின்னாடி டிக்கி வெச்சுச் செஞ்சாங்க, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா வரைக்கும் போச்சு. 2010 ஃபிகோ அப்படி. பழைய ஃபியஸ்டா தளத்துல, விலையைக் கிட்டத்தட்ட தரைக்கு இறக்கி, 1.4 டீசல் எஞ்சினைப் போட்டுக் குடுத்தாங்க. அடுத்த வருஷமே அந்த வருஷத்தோட சிறந்த இந்தியக் கார்னு விருது வாங்கினது.

உலகத்துக்கெல்லாம் ஒரே காருன்னு கொண்டு வந்து இறக்கினப்பல்லாம் அடி. மொண்டியோ ஞாபகம் இருக்கா? ஃப்யூஷன்? 2004-ல உயரமான ஹேட்ச்பேக். இன்னைக்கு வந்திருந்தா வரிசையில நின்னு வாங்கியிருப்பாங்க. அன்னைக்கு 1.6 பெட்ரோலைப் போட்டு, செடான் விலை சொன்னா யாரு வாங்குவா? 2011 ஃபியஸ்டா இன்னும் மோசம். ஓட்ட அருமையான காருன்னு எல்லாரும் எழுதினாங்க, ஆனா போட்டிக்காரன் அதைவிடப் பெரிய காரை அதைவிடக் குறைஞ்ச விலைக்கு வெச்சிருந்தான். கொஞ்ச மாசத்துல விலையைக் குறைச்சும் பார்த்தாங்க. ஷோரூம்ல பழைய ஃபியஸ்டாவை "கிளாசிக்"னு பேர் மாத்திப் பக்கத்துலயே நிறுத்தி வெச்சிருந்தா, புதுசை எவன் வாங்குவான்?

எக்கோஸ்போர்ட் ஒண்ணுதான் ரெண்டும் சேர்ந்து வந்தது. நாலு மீட்டருக்குள்ள இருந்தா வரி குறையும். இது 3,999 மில்லிமீட்டர். கூடவே பெட்ரோல்னா 1.2 லிட்டர், டீசல்னா 1.5 லிட்டருக்கு மேல போகக் கூடாது. 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோலும் 1.5 டீசலும் அந்த வேலிக்குள்ள வந்தது. 1.5 பெட்ரோல் வெளிய நின்னது. 2013 ஜூன்ல இறக்கினப்போ புக்கிங் குவிஞ்சு, மாசக்கணக்குல காத்திருந்தாங்க.

காத்திருக்க வெச்சதுதான் தப்பு. அந்த ஓட்டையைப் பார்த்துட்டு 2016-ல மாருதி பிரெஸ்ஸா வந்தது, 2019-ல ஹூண்டாய் வென்யூ வந்தது. ஃபோர்டு அதே காரை மூக்கை மட்டும் மாத்தி 2021 வரைக்கும் ஓட்டினது. கைவசம் ஒரு நல்ல காரை வெச்சுக்கிட்டு எட்டு வருஷம் அடுத்ததைச் செய்யலைன்னா, அப்புறம் சந்தையைக் குறை சொல்லி என்ன பண்ண?

சனந்த்ல 100 கோடி டாலர் போட்டு ரெண்டாவது ஆலை கட்டினாங்க. ரெண்டு ஆலைக்கும் சேர்த்து வருஷத்துக்கு 4 லட்சம் காருக்கு மேல திறன். உள்ளூர்ல அதுல கால்வாசி கூட ஓடலை. ஏற்றுமதியை வெச்சுத்தான் மூச்சு விட்டாங்க. சென்னையில செஞ்ச எக்கோஸ்போர்ட் 2018-ல இருந்து அமெரிக்காவுக்கே போச்சு, அது பெரிய விஷயம்தான், ஆனா அங்கயும் ஓடலை.

#11 சிங்கபெருமாள்கோவில்

கணக்கு அண்ணன் எழுதினதைப் படிச்சேன். எல்லாம் சரி. ஆனா கார் வாங்கினவன் கதையைத்தான் எல்லாரும் பேசறீங்க.

நான் ஃபோர்டு கார் வெச்சிருக்கலை, வெச்சுக்கற வசதியும் இல்லை. எங்க அப்பா ஜிஎஸ்டி ரோட்டு ஓரமா டீக்கடை வெச்சிருந்தார். 99-ல ஆலை ஓட ஆரம்பிச்சப்போ நான் பள்ளிக்கூடம். ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்சுங்க வரிசையா போகும். நீல யூனிஃபார்ம் போட்ட அண்ணன்மார்ங்க மாப்பிள்ளை மாதிரி. உண்மையிலயே மாப்பிள்ளைதான், பொண்ணு கேட்டு வர்றவங்க முதல்ல "எந்தக் கம்பெனி?"ன்னுதான் கேப்பாங்க.

ஃபோர்டு இங்க வர்றதுன்னு முடிவான பிறகுதான் இந்தப் பக்கம் மத்ததெல்லாம். பாகம் செய்யற விஸ்டியான் கூடவே வந்தது. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், ஒரகடத்துல ரெனோ-நிசான், மகிந்திரா சிட்டிக்கிட்ட பிஎம்டபிள்யூ. "டெட்ராய்ட்"னு சென்னையைச் சொல்ல ஆரம்பிச்சது அப்பத்தான்.

2022 மே, ஜூன்ல ஆலைக்குள்ள தொழிலாளிங்க உட்கார்ந்து போராடினதை நான் ரோட்டுல நின்னு பார்த்தேன். இழப்பீட்டுத் தொகைக்கான போராட்டம். அப்புறம் பேசி முடிச்சாங்க. சில பேர் வேற கம்பெனிக்குப் போனாங்க, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருந்தவங்க ஆட்டோ வாங்கினாங்க, கடை வெச்சாங்க.

இப்ப 3,250 கோடிங்கறாங்க. வரட்டும். ஆனா எஞ்சின் செய்யற ஆலைக்குக் கார் செய்யற ஆலை அளவுக்கு ஆள் தேவைப்படாது. எங்க பக்கம் எல்லாருக்கும் அது தெரியும்.

#12 பாலாற்றங்கரை

அண்ணே, நான் தினமும் அந்த வழியாத்தான் ஆபீஸ் போறேன். கேட்டைத் தாண்டறப்ப இனிமே வேற மாதிரி பார்ப்பேன். நன்றி.

எல்லாருக்கும் ஒரு கேள்வி: டீசல் பத்தி மட்டும் சொல்லுங்களேன், பாகம் கிடைக்குதா இல்லையா?

#13 மிச்சிகன்_மாமா (அமெரிக்கா)

உங்க கேள்விக்குப் பதில் எங்கிட்ட இல்லை, தம்பி. ஆனா ஃபோர்டோட சொந்த ஊர்ல இருந்து ரெண்டு வார்த்தை. டெட்ராய்ட்டுக்குப் பக்கத்துல இருக்கேன், எங்க தமிழ்ச் சங்கத்துல பாதிப் பேர் கார் கம்பெனி இல்லைன்னா அதுக்கு வேலை செய்யற கம்பெனி.

இங்க ஃபோர்டுன்னா கார் இல்லை, டிரக். எஃப் சீரிஸ் பிக்அப் டிரக் 1977-ல இருந்து தொடர்ந்து நாட்டுலயே அதிகம் விக்கற டிரக். 2018 ஏப்ரல்ல ஒரு அறிவிப்பு விட்டாங்க: ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஃப்யூஷன், டாரஸ் எல்லாத்தையும் அமெரிக்காவுல நிறுத்தறோம், மஸ்டாங் மட்டும் இருக்கும்னு. (இங்கத்து ஃப்யூஷன் பெரிய செடான், நம்ம ஊர் ஃப்யூஷன் இல்லை.) சொந்த ஊர்லயே சின்ன காரைக் கைவிட்ட கம்பெனி, மூணு வருஷம் கழிச்சு இந்தியாவுல கைவிட்டது எனக்கு ஆச்சரியமா இல்லை. ஒரு டிரக்குல கிடைக்கற லாபத்துக்கு எத்தனை ஃபிகோ விக்கணும்?

தரம்னு கேட்டீங்கன்னா, 2025-ல ஒரே வருஷத்துல நூறுக்கு மேல ரீகால் அறிவிச்சு எல்லாக் கம்பெனி சாதனையையும் முறியடிச்சாங்க. அதுக்கு முன்னாடி இருந்த சாதனை 2014-ல ஜெனரல் மோட்டார்ஸோட 77. தேவி சொன்ன மாதிரி ரீகால் பண்றது பொறுப்புன்னும் பார்க்கலாம். ஆனா நூறுங்கறப்ப, இவ்வளவும் ஆலையிலயே ஏன் பிடிபடலைன்னும் கேக்கணும்ல?

அதே ஃபோர்டுதான் இடிஞ்சு கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை 2018-ல வாங்கி, ஆறு வருஷம் செப்பனிட்டு 2024 ஜூன்ல திறந்தது. உள்ள போய் அண்ணாந்து பார்த்தேன். பிடிக்காதவன் கூட ஒரு நிமிஷம் பேசாம நிப்பான்.

சொல்ல மறந்துட்டேன்: கார் விக்கலைன்னாலும் ஃபோர்டுக்கு 2024 கணக்குப்படி தமிழ்நாட்டுல 12,000 பேர் வேலை செஞ்சாங்க, மென்பொருள், பொறியியல், கணக்குன்னு. இங்க ஓடற டிரக்கோட வேலை கொஞ்சம் சோழிங்கநல்லூர்ல நடக்குது.

#14 கோவை_கியர் (சொந்தமா ஒர்க்ஷாப் வெச்சிருக்கறவர்)

பாலாற்றங்கரை தம்பி, உங்க கேள்விக்கு நான் சொல்றனுங்க. எங்க ஒர்க்ஷாப்புக்கு எல்லா வண்டியும் வரும், ஃபோர்டு வாரம் தவறாம வரும்.

எக்கோஸ்போர்ட்டுன்னு பொதுவா சொல்லாதீங்க, அதுல முக்கியமா பார்க்க வேண்டியது நாலு விதம். எதை வாங்கறோம்ங்கறதுதான் முக்கியம்.

ஒண்ணு, 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோல். மூணு சிலிண்டர், டர்போ, ஓட்ட ஜம்முனு இருக்கும். ஆனா டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ள ஓடும். ஆயில் தள்ளிப் போட்டா, இல்லை தப்பான ஆயில் ஊத்தினா, பெல்ட் உதிர்ந்து துகள் ஆயில் வழியில அடைக்கும். 2023 கடைசியில அமெரிக்காவுலயே இந்த எஞ்சினோட ஆயில் பம்ப் பெல்ட் சமாச்சாரத்துக்காக ஒரு லட்சத்துக்கு மேல வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. பழைய வண்டி, சர்வீஸ் பில் இல்லைன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருங்க.

ரெண்டு, 2017 கடைசிக்கு முன்னால வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக். அது பவர்ஷிஃப்ட், உலர் கிளட்ச் ரெண்டு வெச்ச கியர்பாக்ஸ். உலகம் பூரா கேஸ் போட்ட சாமான். ஆஸ்திரேலியாவுல 2018-ல நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு, வண்டி உதறுதுன்னு வந்த புகாரை நடத்தின விதத்துக்காக. நம்ம ஊர் டிராஃபிக்ல அதை நம்பி இறங்காதீங்க. 2017 நவம்பர் புது முகத்துக்கு அப்புறம் வந்த ஆட்டோமேட்டிக் டார்க் கன்வெர்ட்டர், அது வேற, தைரியமா வாங்கலாம்.

மூணு, பிஎஸ்6 (புதுப் புகை விதி) டீசல், 2020-க்கு அப்புறம். தினமும் ரெண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய்ட்டு வர்றவங்களுக்கு அது வேண்டாமுங்க. புகைக் குழாய்ல இருக்கற வடிகட்டி சூடேற வாரத்துல ஒரு நாளாவது நல்லா நீட்டி ஓட்டணும்.

நாலாவது உங்களுது, 2019 டீசல், பிஎஸ்4, 100 குதிரைத்திறன், மேனுவல். இந்த நாலுல கண்ணை மூடிட்டு எடுக்கலாம்னா இதைத்தான் சொல்வேன்.

பாகம் கிடைக்குதுங்க. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் வெளிக் கம்பெனி செய்யறதே நிறைய. அந்த எஞ்சின் ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல்னு எல்லாத்துலயும் ஓடினதுனால தட்டுப்பாடு இல்லை. கஷ்டம் எதுலன்னா உடம்புப் பாகத்துல: ஹெட்லைட், பம்பர், டிக்கிக் கதவு. இடிச்சீங்கன்னா காத்திருக்கணும், இல்லைன்னா பழைய சாமான் கடையில தேடணும். அதனால இன்சூரன்ஸ் முழுசா எடுங்க, பார்க்கிங்ல சுவத்தைப் பார்த்து நிறுத்துங்க.

வாங்கறதுக்கு முன்னாடி டைமிங் பெல்ட் மாத்தினாங்களான்னு கேளுங்க. கையேட்டுல கிலோமீட்டரும் போட்டிருக்கும், வருஷமும் போட்டிருக்கும். எது முதல்ல வருதோ அது. எழுபதாயிரம்தானே ஓடினதுன்னு நம்ம ஆளுங்க விட்டுருவாங்க, ரப்பருக்கு வயசு ஆகும்ங்கறதை மறந்துருவாங்க.

#15 ஜோஷ்_1.6

கோவை அண்ணே, உங்களுக்குத் திருச்சியில ஒரு சிலை வைக்கறேன்.

#16 நெல்லை_டீசல்

சிலை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. "வாரம் தவறாம வரும்"னு சொன்னாரே, ஏன் வாரம் தவறாம வருதுன்னு யாரும் கேக்கலியே?

#17 கோவை_கியர்

சர்வீஸுக்குத்தானுங்க அண்ணாச்சி. கம்பெனி சென்டர் குறைஞ்சதுக்கு அப்புறம் எங்களை மாதிரி ஆளுங்ககிட்டதான் வருவாங்க. உங்க வீட்டு வண்டியும் எங்கிட்ட வர்ற வகைதான், பேர் சொல்லட்டுமா?

#18 நெல்லை_டீசல்

வேண்டாம்.

#19 கணக்கப்பிள்ளை

கோவைக்கு ஒரு பெரிய நன்றி. நான் விலை பத்தி மட்டும் சேர்க்கறேன். ஃபோர்டு போன அறிவிப்பு வந்த கையோட செகண்ட் ஹேண்ட் விலை சரிஞ்சது. வித்தவங்களுக்கு நஷ்டம், வாங்கறவங்களுக்கு லாபம். கிட்டத்தட்ட அதே வருஷ, அதே கிலோமீட்டர் போட்டிக் கம்பெனி டீசலோட விலையை வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. வித்தியாசம் பெருசா இருந்தா மட்டும் வாங்குங்க. அந்த வித்தியாசத்துல ஒரு பகுதியை இப்பவே தனியா எடுத்து வெச்சுருங்க, பம்பருக்கும் பெல்ட்டுக்கும்.

திரும்ப விக்கறப்ப உங்களுக்கும் அதே சரிவு வரும். அதனால மூணு வருஷத்துல மாத்தற ஆளா இருந்தா வேண்டாம். ஓடற வரைக்கும் ஓட்டற ஆளா இருந்தா வாங்கலாம். டெல்லியில பத்து வருஷ டீசலுக்கு வந்த தொந்தரவு நம்ம ஊர்ல இல்லை, 15 வருஷத்துல ஆர்சி புதுப்பிக்கணும், அவ்வளவுதான்.

#20 எஸ்கார்ட்_காலம்

கணக்கப்பிள்ளை சொல்வதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. எட்டு வருடம் அடுத்த காரைச் செய்யவில்லை என்றார். செய்ய முயன்றார்கள். 2019 அக்டோபரில் மகிந்திராவுடன் மறுபடி கூட்டு அறிவித்தார்கள், புது வண்டிகளைச் சேர்ந்து செய்வதாகத் திட்டம். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அது கைவிடப்பட்டது. பெருந்தொற்று இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் யாரோடு கை குலுக்கி வந்தார்களோ, அதே கையை மறுபடி தேடிப் போன நிலைமைதான் எனக்கு உறுத்தியது.

#21 கணக்கப்பிள்ளை

ஐயா, 2019-ல முயற்சி பண்ணினாங்கதான். 2016-லயே பண்ணியிருக்கணும்ங்கறேன். பிரெஸ்ஸா வந்த அன்னைக்கே.

#22 தேவி_ஆஸ்பயர்

நீங்க ரெண்டு பேரும் இதை முடிக்கப் போறதில்லை. தம்பி, கார் என்ன ஆச்சு?

#23 பாலாற்றங்கரை

அக்கா, சொல்றேன். கோவை அண்ணன் சொன்ன நாலாவது வகைதான்னு தெரிஞ்சதும் தைரியமா போய்ப் பார்த்தேன். நம்ம பக்கத்துல ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் லிஃப்ட்ல ஏத்திக் காட்டினோம். அடியில துரு இல்லை. சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்கார். டைமிங் பெல்ட் மாத்தலை. அதைச் சொல்லி விலையில குறைச்சேன், அவரும் ஒத்துக்கிட்டார்.

அப்பாவை டிரைவர் பக்கத்துல உக்கார வெச்சு அச்சிறுபாக்கம் வரைக்கும் போயிட்டு வந்தோம். வர்ற வழியில "ஏசி நல்லாருக்கு"ன்னார். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. இது எங்க வீட்ல சம்மதம்தான்.

வர்ற வாரம் பேர் மாத்தறோம். ஜோஷ் அண்ணே, நீங்க சொன்ன மாதிரி இழையை அழிக்கலை, எனக்கு அடுத்து கேக்கறவங்களுக்கு ஆகும்.

#24 நெல்லை_டீசல்

வாழ்த்துகள் தம்பி. நல்லா ஓட்டுங்க. விக்கறப்ப எங்கிட்ட வராதீங்க.

#25 கோவை_கியர்

முதல் வேலையா பெல்ட்டைப் போடுங்க தம்பி, கூடவே டென்ஷனரும் வாட்டர் பம்பும். மூணும் ஒரே கூலியில முடியும். போட்ட பில்லை ஆர்சியோட வெச்சுக்குங்க, அடுத்து வாங்கறவன் அதைத்தான் முதல்ல கேப்பான்.